என் தம்பி பெயருக்கு முன்னால் போட்ட ‘ப்ராபப்ளி’

1

தனசேகர் சார், நீங்கள் என் தம்பியைக் குடிகாரன் என்று எழுதினீர்கள்.

எழுதவில்லை என்பீர்கள். போனிலும் அதைத்தான் சொன்னீர்கள். “சிஸ்டர், நல்லாப் படிச்சுப் பாருங்க. ‘ப்ராபப்ளி’ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கேன். உறுதியா நான் ஒண்ணுமே சொல்லலையே” என்றீர்கள். நல்லாத்தான் படித்தேன். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பதினொரு வருடமாக இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டிவிடுவது. என் தம்பி ஏழுமலை, குட்டியானை என்று நம்மூரில் சொல்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டினான். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு அரிசி, உரம், சிமென்ட் ஏற்றிப் போவான். திரும்பும்போது மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் இறக்கி வருவான். போன வருடம் கார்த்திகை மாதம் மலை ஏறுகிறபோது ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்து செத்துப்போனான். இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடம் ஆகிறது.

தனசேகர் சார் இங்கே பெரிய இன்ஜினியர். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அதன் ஆண்டு மலருக்கு அவர்தான் ஆசிரியர். சித்திரை விழாவில் வெளியிட்ட மலரில் மலைப்பாதை விபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ். என் தம்பி பெயரும் ஊரும் அதில் இருந்தன. ஓட்டுநர் ப்ராபப்ளி குடித்திருந்தார் என்று இங்கிலீஷ் பக்கம் சொன்னது. தமிழ்ப் பக்கத்தில் ‘குடிபோதையில் வண்டி ஓட்டியதால்’ என்று இருந்தது.

என் மகள் நிலாவுக்குப் பதினாலு வயது. அவள்தான் இங்கிலீஷ் பக்கத்தை முதலில் படித்தாள்.

“அம்மா, ப்ராபப்ளின்னுதானே இருக்கு. அது சும்மா சொல்றது. யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.”

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வலது பக்கத்தை நான் வாசித்துக் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இதுல ப்ராபப்ளி எங்க இருக்கு?”

இல்லை. அதைத்தான் நானும் கேட்கிறேன்.

2

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு இந்த வார்த்தை பிடித்திருந்தது. அகராதியைப் பார்த்தால் ‘அநேகமாக’ என்று இருக்கும். பத்தில் ஏழெட்டு நடக்கும் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இங்கே யாரும் அதை அந்த அர்த்தத்தில் பேசுவதில்லை. என் பொறுப்பில் இருக்கும் ஒரு கிழவியின் மகன் “ஞாயிற்றுக்கிழமை ப்ராபப்ளி வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனால் அவன் வரமாட்டான். கிழவிக்கு அது தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சை ஸ்வெட்டரைப் போடச் சொல்வாள். பல் மருத்துவமனையில் “நீங்கள் ப்ராபப்ளி வேறு படிவம் பூர்த்தி செய்ய வேண்டும்” என்றால் கையில் இருக்கிற படிவத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். “நீ ப்ராபப்ளி இதை முதலில் முடிப்பது நல்லது” என்று மேலாளர் சொன்னால் அது கட்டளை.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்திலும் இது வருகிறது, செய் என்று அதட்ட வேண்டிய இடத்திலும் வருகிறது. சொல்கிறவர் மட்டும் எதிலும் மாட்டிக்கொள்வதில்லை.

நம்மூரில் பொய் இல்லை என்று சொல்ல வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் “சங்கராபுரம் வண்டி எப்பங்க?” என்று கேட்டால் “தோ வந்துடும்” என்பார்கள். முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆனால் போய்ச் சண்டை போடலாம். “வந்துடும்னியே, எங்க வந்துச்சு?” என்று கேட்டால் அந்த ஆள் தலையைச் சொறிவான். ப்ராபப்ளி சொன்ன ஆளிடம் அப்படிப் போய் நிற்க முடியாது. நான்தான் உறுதியாகச் சொல்லவில்லையே என்று கையை விரித்துவிடுவான்.

நிலாவின் பள்ளித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இந்தியாவில் உனக்குக் கசின் யாராவது இருக்கிறார்களா என்று நிலாவைக் கேட்டாள். நிலா டிவியைப் பார்த்துக்கொண்டே “ப்ராபப்ளி” என்றாள். என் தம்பி மகள் கௌசல்யா இருக்கிறாள். கள்ளக்குறிச்சியில் கல்லூரி முதல் வருடம். இவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லித் தவறாமல் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவள். நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

3

தம்பி செத்த தகவல் வேலையில் இருக்கும்போது வந்தது. காலைத் தேநீர் இடைவேளை. தம்பி மனைவி தேவகிதான் போன் போட்டாள். “அண்ணி, அவுரு பூட்டாரு அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

என் மேலாளர் பெயர் ஜேனட். கெட்டவள் இல்லை. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உடனே ஊருக்குப் போக வேண்டும், லீவு வேண்டும் என்றேன். பெற்றோர், கணவன், பிள்ளைகள் என்றால் விதியில் இடம் இருக்கிறது, தம்பி என்றால் மேலே கேட்க வேண்டும் என்றாள். கடைசியாக, இந்த வாரத்து வேலைப் பட்டியல் முடிகிறவரை காத்திருப்பது ப்ராபப்ளி நல்லது என்றாள்.

மேலே கேட்டுச் சொல்வாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் பூராவும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஐஸ் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை ஜேனட்டிடம் போய் என்ன ஆயிற்று என்றேன். அவள் ஆச்சரியப்பட்டாள். முடியாது என்று நான் அன்றைக்கே சொன்னேனே என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் பாஷையில் சொல்லிவிட்டாள். பத்து வருடம் இருந்தும் எனக்குத்தான் அது முடியாது என்று கேட்கவில்லை. ஆசை இருக்கிறவள் காதில் ப்ராபப்ளி வேறு மாதிரிதான் விழும்.

அன்று மதியம் எடுத்துவிட்டார்கள். கௌசல்யா வீடியோவில் காட்டினாள். நான் சீருடையில், படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் லினன் அறைக்குள் நின்று பார்த்தேன்.

4

இதே இல்லத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவேடு உண்டு. சாப்பிட்டது, தூங்கியது, விழுந்தது எல்லாவற்றையும் எழுத வேண்டும். சேர்ந்த முதல் மாதம் ஒரு கிழவர் தரையில் கிடந்தார். ‘கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று எழுதினேன். ஜேனட் என்னைக் கூப்பிட்டாள்.

“விழுந்ததைப் பார்த்தாயா?”

“இல்லை.”

“அப்புறம் எப்படி எழுதினாய்?”

“கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தார். வேறு எப்படி வந்திருப்பார்?”

அவள் அந்த வரியை அடித்தாள். கட்டிலுக்கு இடப்பக்கம் தரையில் ஒருக்களித்துக் கிடக்கக் கண்டேன், மணி இத்தனை, பேசினார், வலது முழங்கையில் சிராய்ப்பு என்று எழுதச் சொன்னாள். “ப்ராபப்ளி விழுந்தார் என்று போடட்டுமா?” என்று கேட்டேன். அந்த வார்த்தை பதிவேட்டில் வரவே கூடாது என்றாள். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால், நீ பார்த்ததற்கு மட்டும்தான் நீ பொறுப்பு, ஊகித்ததற்கு யார் பொறுப்பு என்றாள்.

ஆக இவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாயில் நாள் முழுக்க ப்ராபப்ளி. பதில் சொல்ல வேண்டிய தாள் என்றால் அதைத் தொடுவதில்லை. தனசேகர் சார், நீங்களும் இருபது வருடமாக இங்கே ரிப்போர்ட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர். ஒரு பாலம் ப்ராபப்ளி தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? மாட்டீர்கள். செத்துப்போன வண்டிக்காரன் என்றால் போடுவீர்கள்.

5

போன மாதம் தேவகி கூப்பிட்டாள். கச்சிராயபாளையத்தில் வண்டி ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. வேலையில் இருக்கும்போது செத்த டிரைவர்களின் போட்டோக்களை அங்கே டீக்கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். ஆயுத பூஜைக்கு வண்டிகளோடு அந்தப் போட்டோக்களுக்கும் மாலை போட்டு, பொரி கடலை வைத்துப் படைப்பார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சுவர்.

“அண்ணி, நம்ம வூட்லேர்ந்து இவுரு போட்டோவ ஃபிரேம் போட்டு எடுத்துக்கினு போனேன். வாங்க மாட்டேன்ட்டாங்க.”

“யாரு மாட்டேன்னது?”

“ஸ்டாண்டு தலைவருதான். ‘தப்பா நெனச்சிக்காதம்மா, குடிச்சிட்டு ஓட்டி செத்தவன் போட்டோவ மாட்ற வழக்கம் இல்ல’ன்றாரு. ‘எங்க வூட்டுக்காரு குடிக்க மாட்டாருன்னு ஒங்களுக்கே தெரியுமேங்க’ன்னேன். ‘எங்களுக்குத் தெரியும்மா. ஆனா ஒன் நாத்தனா இருக்கிற ஊர்லேர்ந்தே புக்குல போட்டுட்டாங்களே. வாட்சப்ல எல்லாரும் பாத்துட்டாங்க. நாங்க இன்னா பண்றது?’ன்றாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது? போட்டோவ முந்தானையில மூடி எடுத்துக்கினு வந்துட்டேன். பஸ்ல எல்லாரும் பாத்தாங்க.”

பிறகு அவளே சொன்னாள். “கௌசல்யா காலேஜுக்குப் போவ மாட்டேன்னு குந்திக்கினு இருக்கா. எவளோ ஒருத்தி ‘ஒங்கப்பாதானே அந்த மலரு புக்குல வந்தவரு’ன்னு கேட்டாளாம். கள்ளக்குறிச்சின்னாலே ஊரு ஒலகம் குடின்னுதான் அண்ணி நெனைக்குது. அதுல இவுரையும் சேத்துட்டாங்க.”

உண்மைதான். நான் எந்த ஊர் என்று இங்கே தமிழ்க்காரர்கள் கேட்டுக் கள்ளக்குறிச்சி என்று சொன்னால், அவர்கள் முகத்தில் ஒரு நொடி ஒன்று வந்து போகும். அது என்னவென்று எனக்குத் தெரியும்.

ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டால் காட்டலாம் என்றேன். அதற்காக அவள் மாதக்கணக்கில் ஒரு ஆபீசுக்கு நடந்திருக்கிறாள். “மேல போயிருக்கு, வரும்” என்றார்கள். “வந்திருக்கும், அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு உளுந்தூர்பேட்டை வரைக்கும்கூட ஒரு முறை அனுப்பினார்கள். அங்கே போனால் இது எங்களிடம் இல்லை என்றார்கள். கடைசியில் அறிக்கை வந்தது. கௌசல்யாதான் போனில் படம் எடுத்து அனுப்பினாள். ரத்தத்தில் மது இல்லை. ஒரே வரி. அதில் ப்ராபப்ளி கிடையாது.

தேவகி அதையும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனாள். தலைவர் வாங்கிப் படித்தார். “புக்குல போட்டது புக்குலயே மாத்தி வரட்டும்மா. நானே ஆணி அடிச்சி மாட்றேன்” என்று சொல்லி அனுப்பினார்.

6

வண்டி பூராவும் சாராய வாடை அடித்தது என்று ஊரே சொன்னது. அது எனக்கும் உறுத்தியது. அன்றைக்கு வண்டியில் ஏறிவந்து கை உடைந்து பிழைத்தவர் சடையன். கரியாலூர்ப் பக்கம் மலைமேல் இருக்கிறவர். கைக்குள் வைத்த பிளேட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்தபோது கௌசல்யா அவர் கையில் போனைக் கொடுத்தாள்.

“ஏழுமல அக்காங்களா?”

“ஆமாங்க. அன்னிக்கி நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க.”

“பாத்தத சொல்றங்க. நான் பின்னால உர மூட்ட மேல குந்திக்கினு இருந்தேன். முன்ன ரோட்ட பாக்கல. மேலேர்ந்து பைக்குங்க ஆரன் அடிச்சிக்கினு வர்ற சத்தம் கேட்டுச்சு. உங்க தம்பி பிரேக்கு புடிச்சாரு. வண்டி சாஞ்சிடுச்சு. பைக்க நான் பாக்கல. சத்தந்தான்.”

“அவன் குடிச்சிருந்தானா?”

“இல்லிங்க.”

“எப்படித் தெரியும்?”

“காலையிலேர்ந்து கூடத்தான இருந்தேன். மூட்ட ஏத்தனோம். ஒண்ணா சாப்ட்டோம். டீ வாங்கிக் குடுத்தாரு. அவுரு குடிச்சது அதுதான்.”

“வாடை அடிச்சதுன்றாங்களே.”

“அது என்னுதுங்க. எம்மவளுக்குப் பிரசவம் நல்லபடியா ஆச்சுன்னா வளைவுல இருக்கிற முனியப்பனுக்கு ஒரு பாட்டிலும் சுருட்டும் வைக்கிறன்னு வேண்டிக்கினு இருந்தேன். பேரப்புள்ள பொறந்துச்சு. கீழ வந்து பாட்டிலு வாங்கனேன். மூட்ட மேல வெச்சா ஒடஞ்சிடும்னு உங்க தம்பி கையில குடுத்தேன். ‘சாமிதுப்பா, பத்தரம்’னேன். ‘சாமிது வண்டியில இருந்தா வண்டிக்கி நல்லதுதான்’னு துண்டுல சுத்தி சீட்டுக்குப் பக்கத்துல வெச்சாரு. வண்டி சாஞ்சதுல அது ஒடஞ்சிடுச்சு. கோயிலுக்கு இன்னும் ரெண்டு வளைவுதாங்க பாக்கி.”

அவர் சொன்னதைத் தாளில் குறித்துக்கொண்டேன்.

“இத யார்கிட்ட சொன்னீங்க?”

“கேட்டவங்ககிட்ட சொன்னங்க. புக்குல எழுதனவரு யாரும் எங்கிட்ட வந்து கேக்கல.”

நம்மூரில் முனியப்பனுக்குப் பாட்டில் வைப்பது எல்லோருக்கும் தெரியும். மலை ஏறுகிற வண்டியில் படையல் சாமான் போவது எல்லோருக்கும் தெரியும். வாடையை மோந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. சடையன் பள்ளிக்கூடம் போகாதவர். பார்த்ததைப் பார்த்தேன் என்கிறார். கேட்டதைக் கேட்டேன் என்கிறார். ஜேனட் அவருக்கு வேலை கொடுத்தால் ஒரு வரியைக்கூட அடிக்க வேண்டியிருக்காது.

7

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் நானும் தனசேகர் சாரைப் போலத்தான்.

நான் போனில் சண்டை போட்டபோது தனசேகர் சார் கடைசியாக ஒன்று சொன்னார். “சிஸ்டர், நான் சும்மா எழுதலை. உங்களைத்தானே கேட்டேன். நீங்கதானே சொன்னீங்க.”

ஆமாம். தம்பி செத்த நாலாம் நாள் துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, “தம்பிக்குப் பழக்கம் ஏதாவது உண்டா?” என்று கேட்டார். நான், “தெரியலை சார். இருக்கலாம்” என்றேன்.

என் தம்பிக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு பீடிகூடப் பிடித்தவன் இல்லை. எங்கள் அப்பா குடித்துவிட்டு வந்து விழுகிறதைப் பார்த்து வளர்ந்தவன். நான் வெளிநாடு கிளம்பியபோது இதே வண்டியில் உளுந்தூர்பேட்டை வரைக்கும் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டவன். அவனைப் பற்றி “இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முன் ஆறு மாதமாக நாங்கள் பேசவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

பேசாமல் போனதும் இதே வார்த்தையால்தான். போன வருடம் வைகாசியில் அவன் வீடு கட்டி முடித்தான். எங்கள் பக்கம் புது வீட்டில் கூடப்பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும். “எப்பக்கா வர?” என்று கேட்டான். “அநேகமா வந்துடுவேன்டா” என்றேன்.

“அநேகமான்னா இன்னா? வர்றியா, வர்லியா?”

“லீவு சொல்லியிருக்கேன். பார்க்கலாம்.”

“நீ வெள்ளக்காரி மாதிரி பேசற. வர்லன்னா வர்லன்னு சொல்லு, நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன். தேதி வைக்கணும்ல.”

“வந்துடுவேன்னு நெனைக்கிறேன்.”

அவன் அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டான். ஒரு முகூர்த்தத்தைத் தள்ளி எனக்காக அடுத்த முகூர்த்தம் பார்த்தான். லீவு கிடைக்காது என்று எனக்குப் பத்து நாள் முன்பே தெரியும். முதல் நாள்தான் சொன்னேன். நான் வரமாட்டேன் என்று தெரிந்தும், விடியற்காலை நல்ல நேரம் முடிகிறவரை பால் சட்டியை அடுப்பில் ஏற்றாமல் வைத்திருந்துவிட்டு, கடைசியில் தேவகியையே காய்ச்சச் சொன்னானாம். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

ஜேனட் எனக்குச் செய்ததை நான் ஆறு மாதம் முன்னாலேயே என் தம்பிக்குச் செய்திருந்தேன். அவள் பாஷையை நான் அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தேன்.

8

தனசேகர் சார், போனில் இன்னும் இரண்டு சொன்னீர்கள். தமிழ்ப் பக்கத்தை “நம்ம பசங்க” பண்ணினார்கள், பார்க்க நேரமில்லை என்றீர்கள். அடுத்த மலரில் “ப்ராபப்ளி ஒரு சின்ன விளக்கம் போடலாம்” என்றீர்கள். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு அடுத்த மலர் வேண்டாம். தை மாதம் பொங்கல் விழாவில் எல்லோரும் கூடுவோம். ஊரில் இருப்பவர்கள் போனில் நேரலையாகப் பார்ப்பார்கள். ஸ்டாண்டு தலைவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தேவகியும் கௌசல்யாவும் பார்ப்பார்கள். சடையனும் அன்றைக்குக் கச்சிராயபாளையம் இறங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நிலா என் பக்கத்தில் இருப்பாள்.

முதலில் நான் மேடை ஏறுகிறேன். என் தம்பியைப் பற்றித் தெரியாமல் ‘இருக்கலாம்’ என்று சொன்னவள் நான், அது தப்பு, அவன் குடிக்கவில்லை என்று சொல்கிறேன். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நீங்கள் ஏறுங்கள். இங்கிலீஷ் வேண்டாம், ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்குப் புரிகிற தமிழில் பேசுங்கள். என் தம்பி குடித்ததை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்தவர் யாரையாவது கேட்டீர்களா? வண்டியில் இருந்த சடையனை ஏன் கேட்கவில்லை? இடது பக்கத்தில் உங்களைக் காப்பாற்ற வைத்த வார்த்தை வலது பக்கத்தில் என் தம்பிக்கு ஏன் இல்லை?

பார்த்தேன் என்று சொல்லுங்கள், இல்லை பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். கச்சிராயபாளையத்தில் ஒருவர் கையில் சுத்தியலும் ஆணியும் வைத்துக்கொண்டு நிற்பார்.